கொடிமரத்துக்கு முன்னால் ஒரு பெயர்ப் பலகை

போலகத்திலும் சுற்றியுள்ள திருமலைராயன்பட்டினம் கொம்யூன் ஊர்களிலும் வாழும் படைவீரர் குடும்பத்தாருக்கு,



உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ தாய்மாமனோ யாரோ ஒருவர் ஒரு காலத்தில் சீருடை போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போனவர். சிலர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனார்கள். பென்ஷனோடு திரும்பி வந்த அவர்களைச் சாகும்வரை ஊரார் சொல்தா என்றே அழைத்தார்கள். சிலர் பிறகு இந்திய ராணுவத்தில் சேர்ந்து வடக்கே எல்லைக்குப் போனார்கள். மலாயாவில் வேலை பார்த்த டெல்டாக்காரர்களில் நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. இவர்களில் ஊர் வந்து சேர்ந்தவர்கள் நம் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்திலும் மையத்தாங்கொல்லையிலும் சுடுகாட்டிலும் அடங்கிப்போனார்கள். இவர்கள் நினைவாக ஒரு கொடிமரம் நட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

கொடிமரம் நடுவது கடினமான காரியமில்லை. ஒரு மேடை, ஒரு குழாய், ஒரு கப்பி, ஒரு கயிறு. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். யாருக்காக நடுகிறோம் என்ற பட்டியல்தான் நம்மிடம் இல்லை. அந்தப் பட்டியலை முதலில் எழுதுவோம், கம்பம் பிறகு வரட்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தோசீனப் போர் 1954-இல் முடிந்தது. அப்போது இருபது வயதில் துப்பாக்கி பிடித்தவர் இன்று இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அல்ஜீரியப் போர் 1962-இல் முடிந்தது. அதற்குப் போனவர்களில் மிக இளையவருக்கும் எண்பதுக்கு மேல். அவர்களோடு பேசிப் பழகிய மனைவிமார்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய வீடுகளில் காகிதங்களைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பார்கள். இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று அனுப்பினால்தான் பணம் வரும் என்பதால் தகரப் பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள், பூச்சி உருண்டை போட்டு வைத்திருப்பார்கள். பென்ஷன்காரர் இறந்து, பிறகு விதவைப் பென்ஷன் வாங்கிய அம்மாவும் இறந்துவிட்டால் அந்தக் காகிதங்களுக்கு வீட்டில் வேலை இல்லை. வீடு இடித்துக் கட்டும்போது பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போகிறது. நம் ஊர்களில் ஒரு சொல்தாவின் வரலாறு அழிவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் வேண்டுமென்று அழிப்பதில்லை.

மண்ணும் நமக்குத் துணையில்லை. சிமெண்ட் பூசிய கல்லறைகளில் ‘இங்கே துயில்கிறார்’ என்று பிரெஞ்சில் பொறித்த எழுத்துகள் உப்புக்காற்றில் பொரிந்து உதிர்கின்றன. மரச்சிலுவை நட்ட ஏழைகளின் குழிகள் சில மழைக்காலத்திலேயே தரையோடு தரையாகிவிடும். மையத்தாங்கொல்லையில் மீஸான் கல் மட்டும்தான் இருக்கும், பலவற்றில் பெயர் இருக்காது. எரியூட்டப்பட்டவர்களுக்கோ கல்லும் இல்லை, குழியும் இல்லை. சாம்பலை அரசலாற்றிலோ கடலிலோ கரைத்ததோடு சரி. ஆகவே கல்லறைகளை மட்டும் நம்பி இந்த வேலையைத் தொடங்கினால் பாதிப் பேரை விட்டுவிடுவோம்.

பெயரில்லாத நினைவுச் சின்னம் எப்படி இருக்கும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வேலூர் நீளக்கடைவீதி மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. அந்த 14 பேர் யார்? கல்லில் இல்லை. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் இதே வாசகத்தோடு, எண்ணிக்கை மட்டும் மாறிய கற்கள் உண்டு. வெள்ளைக்கார அரசுக்குத் தலை எண்ணிக்கை போதுமாக இருந்தது. போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது போதாது.

உலகப்போர்களில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கப்பட்டது. சிப்பாயானாலும் அதிகாரியானாலும் ஒரே அளவுக் கல் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அப்படிப்பட்ட ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. முதல் உலகப்போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயரால் நினைக்கப்படவில்லை அல்லது நினைக்கப்படவே இல்லை என்று கூறி மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டு கழித்துப் பெயர் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஆணையம் இன்று அனுபவித்துக்கொண்டிருக்கிறது. நமக்கு அவ்வளவு கடினம் இல்லை. நாம் தேட வேண்டிய பெயர்கள் அடுத்த தெருவில்தான் இருக்கின்றன.

இதே ஆணையம் நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைத்த சென்னைப் போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறையாவது பாருங்கள். இந்தியாவின் தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர் வீரர்களை, அங்கெல்லாம் நிரந்தரப் பராமரிப்புக்கு உறுதி இல்லை என்பதால், ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 850-க்கும் மேற்பட்ட கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள். அங்கே நிற்பவரின் மனத்தைத் தொடுவது அந்தப் பெயர்கள்தான்.

நமக்கு இதெல்லாம் வெளியாரிடம் கற்க வேண்டிய பாடமும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை என்று கணிக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனுடையது. தமிழ் பிராமி எழுத்தில் ஒரு சில சொற்கள்தாம். ஊர், நிகழ்ச்சி, பெயர் மூன்றும் அதில் அடங்கிவிட்டன. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கல்லில் பெயரும் பீடும் எழுதுவது சங்க காலத்திலேயே வழக்கமாக இருந்திருக்கிறது.

இனி, பெயர்களை எப்படித் திரட்டுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேலையின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

பிரெஞ்சுப் படையில் இருந்தவருக்கு ‘லிவ்ரே மிலித்தேர்’ என்ற சிறு கையேடு கொடுப்பார்கள். உள்ளங்கை அளவுப் புத்தகம். பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், உயரம், கண்ணின் நிறம், பட்டாள எண், எந்தப் பிரிவில் எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாட்டில் எவ்வளவு காலம் இருந்தார் என்று எல்லாம் கையால் எழுதியிருக்கும். அது உங்கள் வீட்டில் இருந்தால் முக்கால் வாசி வேலை முடிந்தது. அது இல்லாவிட்டாலும் பென்ஷன் புத்தகத்தில் பட்டாள எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பிரான்சில் போ நகரில் இருக்கும் ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பணிக்காலக் குறிப்பைக் கேட்கலாம். பிறப்பு, திருமணப் பதிவுகளுக்கு எக்ஸ்-ஆன்-புரொவான்சில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. காரைக்காலின் பழைய குடிமைப் பதிவேடுகள் அங்கே பாதுகாக்கப்பட்டு, கணினியில் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. முதல் உலகப்போரில் ‘பிரான்சுக்காக இறந்தவர்’ என்று அறிவிக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் பொதுவில் வைத்திருக்கிறது. ஒவ்வொருவர் அட்டையிலும் பிறந்த ஊர் குறிக்கப்பட்டிருக்கும்.

தேடும்போது பெயரின் எழுத்தில் கவனம் வேண்டும். பிரெஞ்சு எழுத்தர் தன் காதில் விழுந்ததைத் தன் மொழி வழக்கப்படி எழுதிவைத்தார். கோவிந்தசாமி ‘சி’ எழுத்தில் இருப்பார். முத்து என்பதில் ‘ஓ யூ’ சேர்ந்திருக்கும். அதோடு, 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி சொந்தச் சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டன. ஊரில் அழைத்த பெயர் ஒன்று, பட்டாளத்தில் பதிந்த பெயர் வேறு. இரண்டையும் எழுதிக்கொண்டு தேடினால்தான் கிடைக்கும்.

இந்திய ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. படைவிடுப்புப் புத்தகத்தில் எல்லா விவரமும் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் நீலகிரி வெலிங்டனில் ஆவண அலுவலகம் இருக்கிறது. புதுச்சேரி அரசின் முப்படை நலத்துறையிலும் விவரம் கேட்கலாம்.

பலகையில் என்ன எழுதுவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஆண்டு, எந்தப் படை, எங்கெல்லாம் பணி, இறந்த ஆண்டு, அடங்கிய இடம். இவ்வளவு போதும். ‘மாவீரர்’, ‘தியாகச் சுடர்’ போன்ற அடைமொழிகள் வேண்டாம். ஏனென்றால் இவர்களில் பலர் போன போர்கள் நம் மனச்சாட்சிக்கு எளிதானவை அல்ல. வியட்நாமியரும் அல்ஜீரியரும் தங்கள் விடுதலைக்குப் போராடியபோது எதிர்ப்பக்கம் நின்ற படையில் நம் ஆட்களும் இருந்தார்கள். அதே ஆண்டுகளில் காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி வேண்டாம் என்று ஊர்வலம் போனவர்களும் நம் ஆட்கள்தாம். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போதும் தமிழர் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும். இதனால் இவர்கள் பெயரை மறைக்க வேண்டுமா? கூடாது என்பேன். போரை முடிவு செய்தது பாரீசும் தில்லியும். வயிற்றுப்பாட்டுக்காகவோ குடும்பத்தைக் கரையேற்றவோ கையெழுத்துப் போட்டவர் போலகத்துப் பையன். அவர் எங்கே இருந்தார் என்பதை உள்ளபடி எழுதுவோம். பெருமைப்படுவதா வருந்துவதா என்பதைப் படிக்கிற பிள்ளை முடிவு செய்துகொள்ளட்டும். 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்தியா நாஜிகளுக்குப் பணியாமல் தெ கோல் பக்கம் நின்றதும், அவர் படையில் சேர்ந்து நம்மவர்கள் போனதும் அதே பலகையில் வரும்.

பெயர் வரிசை அகர வரிசையாகவே இருக்கட்டும். பதவி, மதம், சாதி எதுவும் வரிசையைத் தீர்மானிக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டெல்டாவில் சாதிக்கொரு சுடுகாடு என்ற கொடுமை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் காவல் இருந்தவர்கள் ஊர் திரும்பி இறந்ததும் வேறு வேறு பாதையில் எடுத்துச் செல்லப்பட்டார்கள். பலகையிலாவது அவர்கள் சேர்ந்து இருக்க வேண்டும். ஆகவே எந்த மயானத்தில் அடங்கியிருந்தாலும் எல்லாப் பெயரும் ஒரே பலகையில் வரட்டும். அந்தப் பலகையின் நகல் கல்லறைத் தோட்டத்திலும் மையத்தாங்கொல்லையிலும் சுடுகாட்டிலும் இருக்கட்டும். கொடிமரம் எங்கே என்பதைப் பங்குத்தந்தையும் ஜமாத்தாரும் கொம்யூன் பஞ்சாயத்தும் உங்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம்.

கம்பத்தில் எந்தக் கொடி? நம் தேசியக் கொடிதான். எந்தப் படையில் இருந்திருந்தாலும் இவர்கள் இந்திய மண்ணில் உறங்குகிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் மனம் கோண வேண்டியதில்லை. ஜூலை 14, நவம்பர் 11 போன்ற நாட்களில் தங்கள் குடும்பத்தார் கல்லறைக்கு மலர்வளையம் வைக்கவும் மூவண்ண நாடா கட்டவும் தடையில்லை. பிரான்சுக் கொடியையும் ஏற்ற விரும்பினால் தனிக் கம்பம், அதே உயரம், அதே அளவு, நம் கொடிக்கு உரிய இடத்தை விட்டு ஏற்ற வேண்டும். ஒரு கம்பத்தில் இரண்டு கொடி கூடவே கூடாது.

கொடிச் சட்டம் நாம் நினைப்பதைவிட நுணுக்கமானது. 2002-ஆம் ஆண்டு இந்தியக் கொடி விதிகளின்படி கொடி 3:2 என்ற அளவில் இருக்க வேண்டும். கம்பத்தின் உச்சியில் பூவோ சின்னமோ வைக்கக் கூடாது. 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு பொதுமக்கள் இரவும் பகலும் கொடியைப் பறக்கவிடலாம். இறந்தவர்களுக்கான இடம்தானே என்று நாமாக அரைக்கம்பத்தில் இறக்க முடியாது. அதற்கு அரசு அறிவிப்பு வேண்டும். கிழிந்த, நிறம் வெளுத்த கொடி பறப்பது விதிக்குப் புறம்பானது. நம் கடற்காற்றில் கொடி எவ்வளவு சீக்கிரம் நைந்துபோகும் என்பது படகில் கொடி கட்டுபவர்களுக்குத் தெரியும். அதனால் நாள்தோறும் ஏற்ற ஆசைப்படாமல், குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஏற்றி மாலையில் இறக்கி மடித்து வைப்பதே நல்லது. சாதா இரும்புக் குழாய் இங்கே துருப்பிடித்துவிடும். துத்தநாகம் பூசியதோ துருவேறா எஃகோ போட வேண்டும். இருபது அடி உயரம் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது சாய்ந்த மின்கம்பங்களைப் பார்த்தவர்களுக்கு அடித்தளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நாட்களைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், 1954-இல் ஆட்சி நம் கைக்கு வந்த நாள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், குடும்பங்கள் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றும் நாள். நவம்பர் 11 முதல் உலகப்போர் ஓய்ந்த நாள். பிரான்சில் 2012 முதல் அது நாட்டுக்காக இறந்த எல்லாருக்குமான நாள். டிசம்பர் 7 நம் படைவீரர் கொடி நாள். ஆறு வாரத்துக்குள் நான்கு நாட்கள். ஒரே சிக்கல், இது வடகிழக்குப் பருவமழைக் காலம். கோரையும் நாணலும் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும். புரட்டாசியிலேயே துப்புரவு செய்து பாதை போட்டுவிட வேண்டும். இதற்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வருவார்கள். ஒரு பிள்ளை ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டுக்குப் போய் விசாரித்து, ஒரு பக்கம் எழுதிவரட்டும்.

கடைசியாக ஒன்று. மேடையில் ‘உபயம்’ என்று எந்தப் பெயரும் பொறிக்க வேண்டாம். பணம் கொடுத்தவர் பெயர் ரசீதில் இருந்தால் போதும். திறந்துவைத்த தலைவர் பெயரைப் பெரிய எழுத்திலும் இறந்தவர் பெயரைச் சிறிய எழுத்திலும் வெட்டிய கற்களை ஊர் ஊராகப் பார்த்துவிட்டோம். இந்த ஒரு கல்லிலாவது இறந்தவர்கள் பெயர் மட்டும் இருக்கட்டும். கட்சிக் கொடி, கட்சி வண்ணம் எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

உங்களிடம் நான் இப்போது கேட்பது பணம் அல்ல. இந்த ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்குங்கள். கையேடு, பென்ஷன் புத்தகம், பதக்கம், படம், கடிதம் எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். கைப்பேசியில் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, போனவரின் பெயரையும் அவர் அடங்கிய இடத்தையும் கேட்டு, ஒரு நோட்டில் தமிழில் எழுதுங்கள். அடுத்த முறை ஊர்க்கூட்டம் கூடும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்